கந்தோர்க் கழிவும் நமது கடமையும்

பொற்கொல்லர் பட்டறையைக் கூட்டிய குப்பையை எவரும் வீதியிற் கொட்டுவதில்லை. அத்தூசியைச் சேர்த்து வைத்து, அதனுள் மறைந்து கிடக்கும் பொன் துகளைப் பிரித்தெடுப்பது அத்தொழிலின் நெடுநாளைய வழக்கம். பித்தளைக் குடம் ஓட்டையானால் அதனைக் கன்னாரிடம் கொடுத்துப் புதுப் பாத்திரமாக்கிக் கொண்டவர்கள் நம் முன்னோர். இத்தகைய சிக்கன அறிவு படைத்த நாம், பொன்னும் வெள்ளியும் செம்பும் உள்ளே கொண்ட பழைய கணினியைத் தகரத்தோடு தகரமாக நிறுத்து விற்கின்றோம் என்றால், அது சிந்திக்கத் தக்கதன்றோ?

வெள்ளவத்தையில் உள்ள புடவைக்கடையாயினும், கொட்டாஞ்சேனையில் உள்ள மொத்த வியாபாரமாயினும், இரத்மலானையில் உள்ள தொழிற்சாலையாயினும், கணக்குப்பிள்ளையின் பேரேடு இருந்த இடத்தில் இன்று கணினி வீற்றிருக்கின்றது. அதனோடு அச்சுப்பொறி, போட்டோக் கொப்பி இயந்திரம், கைத்தொலைபேசி எனப் பல கருவிகளும் சேர்ந்துள்ளன. பேரேடு தலைமுறை கடந்தும் இருக்கும். இவையோ சில ஆண்டுகளிலேயே முதுமை எய்திவிடுகின்றன. இவ்வாறு கழிக்கப்படுவனவற்றையே இலத்திரனியல் கழிவு என்கிறோம். ஐக்கிய நாடுகள் அமைப்பின் கணிப்பின்படி, 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் சேர்ந்த இக்கழிவு 6 கோடியே 20 இலட்சம் தொன். அதில் முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது நூற்றுக்கு 22.3 பங்கே.

உள்ளே உறையும் நஞ்சு

பழைய கண்ணாடிக் குழாய்த் திரைகளில் ஈயம் உண்டு. சில மின்கலங்களில் கட்மியமும், சில விளக்குகளில் இரசமும் உண்டு. அவை கருவிக்குள் அடங்கியிருக்கும்வரை தீங்கில்லை. செம்புக்காகக் கம்பிகளைத் தீயிட்டுக் கொளுத்தும்போதும், பொன்னுக்காகப் பலகைகளை அமிலத்தில் ஊறவைக்கும்போதுமே அந்நஞ்சு வெளிப்படுகின்றது. அப்புகையை முதலிற் சுவாசிப்பவன் நாட்கூலிக்கு உழைக்கும் ஏழைத் தொழிலாளி. அடுத்து, அவன் குடிசையிலே தவழும் குழந்தை. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. அதில் தீங்கற்ற அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது.

கழிவை அலட்சியம் செய்வதன் பலனை இரத்மலானை வாசிகளுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இப்பகுதித் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பல்லாண்டுகளாக லுணாவைக் களப்பிற் சென்று சேர்ந்தது, மீன்வளம் அழிந்தது, அக்களப்பை நம்பி வாழ்ந்த மீனவக் குடும்பங்கள் தொழிலிழந்தன. பின்னர் அதனைச் சீர்செய்ய ஜப்பானிய நிதியுதவியோடு பெருந்திட்டமொன்று வேண்டியதாயிற்று. கெடுத்தற்குச் செலவில்லை, திருத்துதற்கே செலவு.

அழியாத எழுத்து

நஞ்சினும் நுட்பமான அபாயம் மற்றொன்று உண்டு. கணினியில் ஒரு கோப்பை நீக்கிவிட்டால் அது அழிந்துவிட்டதெனப் பலர் எண்ணுகின்றனர். உண்மை யாதெனில், பெரும்பாலும் புத்தகத்தின் பொருளடக்கத்திலிருந்து ஒரு வரி மட்டுமே அடிக்கப்படுகின்றது. உள்ளேயுள்ள பக்கம் அப்படியே இருக்கின்றது. தக்க மென்பொருள் கொண்டு அதனை மீட்டுவிடலாம். வாடிக்கையாளரின் அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, ஊழியரின் சம்பள விபரம் ஆகிய யாவும் பழைய இரும்பு விலைக்குப் பிறர் கைக்குப் போய்விடக்கூடும். போட்டோக் கொப்பி இயந்திரங்கள் பலவற்றினுள்ளும் வன்தட்டு உண்டென்பதையும், பிரதி செய்த பத்திரங்களின் உருவம் அதில் தங்கியிருக்கக்கூடும் என்பதையும் அறிந்தோர் சிலரே.

இஃது சிறு கடைக்காரருக்கு மட்டும் நேரும் தவறன்று. அமெரிக்காவின் மோர்கன் ஸ்டான்லி நிறுவனத்தின் கிளையொன்று, தன் பழைய வன்தட்டுகளை அப்புறப்படுத்தும் வேலையை, தரவு அழிப்பில் அனுபவமற்ற ஒரு பொருட்போக்குவரத்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தது. அவற்றுட் சில, வாடிக்கையாளர் விபரங்களுடனேயே இணைய ஏலத்தில் விலைபோயின. இதற்காக அந்நிறுவனம் 2022ஆம் ஆண்டில் 3 கோடியே 50 இலட்சம் டொலர் தண்டம் செலுத்த இணங்கியது.

செய்ய வேண்டுவன

நம் நாட்டில் இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தின்கீழ் 2008இல் வெளியான ஒழுங்குவிதிகள், இலத்திரனியல் கழிவை அட்டவணைப்படுத்திய கழிவுகளுள் சேர்த்துள்ளன. அதனைச் சேகரிப்போர் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் பெறுதல் வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், பிறர் விபரங்களை வைத்திருப்போரின் பொறுப்பை வலியுறுத்துகின்றது.

ஆதலின் ஒரு கருவியைக் கழிக்குமுன், வேண்டிய கணக்குகளை வேறிடத்தில் பிரதி செய்துகொள்க. காந்த வன்தட்டாயின் முழுவதும் மேலெழுதி அழிக்கும் மென்பொருளைப் பயன்படுத்துக. பழுதாகி இயங்காத தட்டைத் துளையிட்டோ நொறுக்கியோ அழிப்பதே தகும். புதுவகைத் திண்ம நினைவகங்களுக்கு மேலெழுதல் மட்டும் போதாது. அவற்றைத் தயாரித்தோர் வகுத்த முறையையோ நொறுக்குதலையோ நாடுதல் வேண்டும். வீங்கிய மின்கலத்தைக் குத்துவதும் குப்பையிலிடுவதும் தீயை விலைகொடுத்து வாங்குவதாகும். கருவிகளின் தொடரிலக்கங்களைப் பட்டியலிட்டு, அனுமதி பெற்றவரிடம் ஒப்படைத்து, அழித்தமைக்கான சான்றிதழைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்க. இன்னும் இயங்கக்கூடிய கணினியாயின், நினைவகத்தைத் துடைத்தபின் ஏழை மாணவர் ஒருவருக்கு அளித்தல் மீள்சுழற்சியினும் மேலான அறம்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு செய்தி. ஜப்பானிய மக்கள் பழைய கைத்தொலைபேசிகள் 60 இலட்சத்துக்கு மேற்பட்டவற்றையும், ஏனைய சிறு கருவிகளையும் சேகரித்து அளித்தனர். அவற்றிலிருந்து 32 கிலோகிராம் பொன் கிடைத்தது. 2021இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக் விழாவின் பதக்கங்கள் இவ்வாறு மீட்ட உலோகங்களால் ஆனவையே. குப்பையென ஒதுக்கிய பொருள் வீரர்தம் மார்பில் ஒளிவீசியது.

பொருளை வாங்கும்போது விலையும் தரமும் பார்த்து வாங்குகின்றோம். அதே கருத்து, கழிக்கும்போதும் வேண்டும். நம்மை நம்பி விபரம் தந்த வாடிக்கையாளர், நாம் கழித்ததைக் கையாலே பிரிக்கும் தொழிலாளி, நாம் விட்டுச்செல்லும் மண்ணிலே வாழப்போகும் பிள்ளைகள் ஆகிய மூவருக்கும் நாம் கடமைப்பட்டுள்ளோம். இன்றே கந்தோரின் பின்னறையைத் திறந்து, அங்கே தூசி படிந்து கிடப்பன எவையெனக் கணக்கெடுப்போமாக.