எலும்பு வரை போன புண்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலை செஞ்சி வழியாகத்தான் போகிறது. பௌர்ணமி கிரிவலம் என்றால் வெறுங்காலில் 14 கிலோமீட்டர். அமாவாசை என்றால் பக்கத்திலேயே மேல்மலையனூர் கோயில். சர்க்கரை நோயால் உணர்ச்சி மரத்த பாதத்துக்குத் தார்ச்சாலைச் சூடும் உறைக்காது, குத்திய முள்ளும் வலிக்காது. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடிப் பேர்.

வலிக்காத புண்ணை யாரும் கவனிப்பதில்லை. அது எலும்பைத் தொட்டுவிட்டதா என்று பார்க்க மருத்துவர் முதலில் எடுப்பது கிருமி நீக்கிய, முனை மழுங்கிய ஒரு கம்பி. புண்ணுக்குள் விடும்போது கெட்டியாகத் தட்டுப்பட்டால் எலும்பில் தொற்று இருக்க வாய்ப்பு அதிகம். எக்ஸ்ரேயில் மாற்றம் தெரிவதற்கே இரண்டு மூன்று வாரம் ஆகலாம்.

“நல்ல பவரான ஊசியாப் போடுங்க” என்று கேட்காத குடும்பம் குறைவு. சிக்கல் பவரில் இல்லை, பாதையில் இருக்கிறது. மருந்து ரத்தத்தில்தான் பயணிக்கிறது. காலின் ரத்தக் குழாய்கள் சுருங்கியிருந்தால், ஏரி நிறைந்திருந்தும் வாய்க்கால் தூர்ந்து கடைமடை காய்கிற கதைதான். செத்த எலும்புத் துண்டுக்கு ரத்தமே போகாது. அதன்மேல் கிருமிகள் கொழகொழவென்று ஒரு படலம் கட்டி உள்ளே பதுங்கிக்கொள்ளும். எனவேதான் சில நேரம் அந்த எலும்பை மட்டும் எடுக்க வேண்டியிருக்கிறது. சில நேரம் முதலில் ரத்த ஓட்டத்தைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

எந்த மருந்து என்பதைப் புண்ணின் மேலே பஞ்சால் துடைத்தெடுத்த சீழ் சரியாகச் சொல்லாது. தோலில் இருக்கும் கிருமிகளும் அதில் கலந்திருக்கும். எலும்புத் துணுக்கை எடுத்து, அதிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் ‘கல்ச்சர்’ சோதனை செய்வதே நம்பகமானது. நம் நாட்டைப் போன்ற வெப்ப நாடுகளில் ஸ்டெஃபைலோகாக்கஸோடு சூடோமோனாஸ் போன்றவையும் அதிகம் தென்படுகின்றன. மேலைநாட்டு மருந்துச் சீட்டை அப்படியே நகலெடுப்பது இங்கே சரிவராது.

ஊசியா, மாத்திரையா? எலும்பு, மூட்டுத் தொற்று உள்ள 1,054 பேரிடம் பிரிட்டனில் நடந்த ‘ஓவிவா’ ஆய்வு 2019-இல் விடை சொன்னது: கிருமிக்கேற்ற மருந்தாக இருந்தால், மாத்திரை ஊசிக்குச் சளைத்ததல்ல. ஆறு வாரம் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு படுத்துக் கிடக்கத் தேவையில்லை என்பது கூலி வேலைக்காரருக்குச் சின்ன விஷயமா?

எலும்பை எடுக்காமல் மருந்தால் மட்டும் குணப்படுத்த முயன்றால் ஆறு வாரம் என்கிறது 2023-இன் சர்வதேச வழிகாட்டுதல். பாதித்த எலும்பை எடுத்த பிறகும் விளிம்பில் கிருமி மிஞ்சியிருந்தால் மூன்று வாரம் வரை. 2015-இல் பிரான்சில் 40 பேரிடம் நடந்த ஒரு சிறு ஆய்வில், 12 வாரம் கொடுத்தும் ஆறு வாரத்தைவிடக் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் தெரியவில்லை. வயிற்றுக் கோளாறுதான் கூடியது.

இரண்டாம் வாரம் சீழ் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. மருத்துவர் கணக்கு வேறு: மருந்து முடிந்து ஆறு மாதம் வரை தொற்று திரும்பாமல் இருந்தால்தான் அது அடங்கியதாக எழுதுவார்.