களஞ்சியத்தில் பொருள் கையாள்கையும் வணிகத்தின் உற்பத்தித்திறனும்

மாணவர்களே, களஞ்சியப்படுத்தல் பற்றிய வினா வரும்போது உங்களில் அநேகர் “களஞ்சியம் என்பது பொருட்களைப் பாதுகாப்பாக வைக்கும் இடம்” என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்று விடுகின்றீர்கள். அது பிழையான விடையன்று, பாதி விடை. பொருள் களஞ்சியத்தினுள் சும்மா கிடக்கும்போது ஏற்படும் செலவு ஒருபுறமிருக்க, அதைத் தூக்குவது, நகர்த்துவது, நிறுப்பது, அடுக்குவது, பின்னர் அடுக்கைக் கலைத்து வெளியே கொண்டு வருவது ஆகிய வேலைகளுக்கும் செலவுண்டு. இவ்வேலைகளைச் சேர்த்துப் பொருள் கையாள்கை என்கிறோம். களஞ்சியத்தின் உற்பத்தித்திறன் பெரும்பாலும் இங்கேதான் கூடுகின்றது அல்லது குறைகின்றது.

முதலில் ஒரு அடிப்படையை நினைவிற் கொள்க. களஞ்சியப்படுத்தல் காலப் பயன்பாட்டை உண்டாக்குகின்றது. மாசி, பங்குனியில் அறுவடையாகும் பெரும்போக நெல் ஐப்பசியில் சோறாக வேண்டுமாயின் யாரோ அதைப் பத்திரப்படுத்தி வைத்திருக்க வேண்டும். போக்குவரத்து இடப் பயன்பாட்டை உண்டாக்குகின்றது. படுவான்கரையில் விளையும் நெல் எழுவான்கரைக் கடைகளுக்கு வந்து சேர்வது இதற்கு உதாரணம். ஆனால் பொருளைத் தூக்கி வைப்பதால் எந்தப் பயன்பாடும் கூடுவதில்லை. ஒரு மூடை நெல்லைப் பத்துத் தரம் தூக்கி இறக்கினாலும் அது அதே நெல்தான். பத்துத் தரத்துக்கான கூலி மட்டும் அதன் விலையில் ஏறிவிடும். போதாக்குறைக்கு ஒவ்வொரு தூக்கலிலும் சாக்கின் ஓட்டை வழியே கொஞ்சம் கொட்டுப்படும்.

ஆகவே கையாள்கை பற்றிய முதற் கேள்வி “எப்படி விரைவாகத் தூக்கலாம்?” என்பதல்ல. “எத்தனை தடவை தூக்குகின்றோம், அதில் எத்தனை தடவை அவசியமானது?” என்பதே. கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயலொன்றிலிருந்து நகரத்துக் கடைக்கு வரும் நெல்லை நீங்களே எண்ணிப் பாருங்கள். வயலில் சாக்கில் கட்டி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றுதல், ஆலை முற்றத்தில் இறக்குதல், காயப்போட அவிழ்த்துக் கொட்டுதல், மீண்டும் கட்டுதல், தராசுக்குக் கொண்டு செல்லுதல், களஞ்சியத்தில் அடுக்குதல், அரைக்க எடுத்தல், அரிசியாக மீண்டும் மூடை கட்டுதல், லொறியில் ஏற்றுதல், கடையில் இறக்குதல். நான் எண்ணியது பத்து. உங்கள் ஊர்க் கணக்கு இதிலும் கூடலாம்.

களஞ்சியத்துக்கு வெளியே உள்ள தடையும் உள்ளே செலவாக வந்து நிற்கும். 2014 ஏப்ரலில் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை அவ்விடத்தில் வாவியைக் கடப்பதற்குப் பாதையே இருந்தது. பாதையில் ஏற்றக்கூடிய அளவு சிறிது, கரையில் காத்திருக்கும் நேரம் பெரிது. லொறி எத்தனை மணிக்கு வரும் என்று தெரியாத களஞ்சியத்தில் மூடை தூக்க வந்தவர்கள் காலையில் நிழலில் குந்தியிருப்பார்கள், பொழுதுபட அவதிப்படுவார்கள். கூலி இரண்டு நேரத்துக்கும் ஒன்றே.

இப்போது கணக்குக்கு வருவோம். உற்பத்தித்திறன் என்பது வெளியீட்டை உள்ளீட்டால் வகுக்க வருவதாகும். ஒரு களஞ்சியத்தில் 240 மூடைகளை இறக்கி அடுக்க 6 பேருக்கு 4 மணித்தியாலம் எடுக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். உள்ளீடு 24 ஊழிய மணித்தியாலங்கள். உற்பத்தித்திறன் ஒரு ஊழிய மணித்தியாலத்துக்கு 10 மூடைகள். மணித்தியாலக் கூலி 200 ரூபா எனின் மொத்தக் கூலி 4,800 ரூபா, மூடைக்கு 20 ரூபா. பின்னர் உரிமையாளர் வாசலிலிருந்து அடுக்கு வரையுள்ள வழியை ஒழுங்காக்கி, தலா 15,000 ரூபாவுக்கு இரண்டு கைவண்டிகள் வாங்குகிறார். அதே 240 மூடைகளை 4 பேர் 3 மணித்தியாலத்தில் முடிக்கின்றனர். உள்ளீடு 12 ஊழிய மணித்தியாலங்கள், உற்பத்தித்திறன் 20 மூடைகள், கூலி 2,400 ரூபா, மூடைக்கு 10 ரூபா. லொறியொன்றுக்கு 2,400 ரூபா மிச்சமாவதால் கைவண்டிகளுக்கான 30,000 ரூபா 13ஆவது லொறியுடன் மீண்டுவிடும். லொறியும் ஒரு மணித்தியாலம் முந்தி விடுபடுகின்றது. அந்த இலாபத்தை நாம் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

இங்கே மாணவர்கள் வழக்கமாக விடும் பிழையொன்றைச் சொல்ல வேண்டும். வெளியீடு கூடினால்தான் உற்பத்தித்திறன் கூடும் என்று எழுதுவார்கள். மேலேயுள்ள உதாரணத்தில் வெளியீடு ஒரு மூடைகூடக் கூடவில்லை. உள்ளீடு பாதியாகியதே காரணம்.

கையாள்கை மாறினால் ஒரு தொழிலே எவ்வாறு மாறும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் கொள்கலன். 1956 ஏப்ரல் 26 இல் அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்திலிருந்து ஐடியல் எக்ஸ் என்னும் கப்பல் 58 கொள்கலன்களுடன் ஹியூஸ்டனுக்குப் புறப்பட்டது. இதைச் செய்தவர் மல்கம் மக்லீன் என்னும் லொறி முதலாளி. அக்காலத்தில் சில்லறையாகக் கிடந்த சரக்கைக் கப்பலில் ஏற்றத் தொன் ஒன்றுக்கு 5.86 டொலர் செலவானது. கொள்கலனில் அது ஏறத்தாழ 16 சதமாயிற்று. கடலும் மாறவில்லை, கப்பலின் வேகமும் மாறவில்லை. தூக்கும் முறை மட்டும் மாறியது. கொழும்புத் துறைமுகம் 2018 இல் 20 அடிக் கொள்கலன் கணக்கில் 70 இலட்சத்துக்கு மேற்பட்டதைக் கையாண்டது இந்த வழியில் வந்ததே.

கிழக்கு மாகாணத்திலேயே பார்க்க வேண்டுமாயின் திருகோணமலை சீனன்குடாவுக்குச் செல்லுங்கள். 1980 இல் உற்பத்தியைத் தொடங்கிய பிறீமா மா ஆலையில் கோதுமை மூடையாக இறக்கப்படுவதில்லை. கப்பலிலிருந்து இயந்திரம் மூலம் தானியமாகவே எடுக்கப்பட்டு நேரே உயர்ந்த களஞ்சியக் கோபுரங்களுக்குச் செல்கின்றது. சாக்கு இல்லை, தைக்கும் வேலை இல்லை, அவிழ்க்கும் வேலையும் இல்லை. எங்கள் பகுதி நெல்லோ இன்னும் பெரும்பாலும் சாக்கிலேயே பயணம் செய்கின்றது. இதன் விளைவை அறுவடைக் காலத்தில் காணலாம். முன்னர் கையால் வெட்டிச் சூடடித்தபோது நெல் வாரக்கணக்கில் சிறிது சிறிதாக வந்தது. இப்போது அறுவடை இயந்திரம் ஒரு வயல்வெளியைச் சில நாட்களில் முடித்து விடுகின்றது. நெல் வரும் வேகம் கூடியது, களஞ்சிய வாசலில் இறக்கும் வேகம் கூடவில்லை. வரிசையில் நிற்க முடியாத விவசாயி ஈர நெல்லை வயலிலேயே வந்த விலைக்குக் கொடுத்துவிடுகிறார். ஒரு தொடர் வேலையில் மிக மெதுவான படியே முழு வேலையின் வேகத்தையும் தீர்மானிக்கும் என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க எனக்கு வேறு உதாரணம் கிடைக்கவில்லை.

அடுக்கும் முறையும் கையாள்கையின் ஒரு பகுதியே. நெல்லின் ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேற்படாமல் இருக்க வேண்டும் என்பது கொள்வனவு நிபந்தனை. உலர்ந்த நெல்லை வெறும் சீமெந்துத் தரையில் அடுக்கினால் அடிமூடை ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சணம் பிடிக்கும். பலகைத் தட்டின் மீது, சுவரிலிருந்து விலக்கி அடுக்க வேண்டும். 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்ட மட்டக்களப்பாருக்குத் தரையிலிருந்து உயர்த்தி வைப்பதன் அருமையை விளக்கத் தேவையில்லை. முதலில் வந்ததை முதலில் வெளியேற்ற வழி விட்டு அடுக்குவதும் அவசியம். கணக்கேட்டில் அம்முறையை எழுதிவிட்டு, களஞ்சியத்தில் பழைய மூடைகளைப் பின்சுவரோடு புதைத்து வைப்பவர்களும் உள்ளனர். மொத்தக் கடையாயின் அடிக்கடி விற்கும் சீனியும் மாவும் வாசலுக்குக் கிட்டவும், எப்போதாவது கேட்கப்படுவது உள்ளேயும் இருப்பது நல்லது. பாடசாலைச் சுவரில் 5 எஸ் என்று வர்ணத்தில் எழுதியிருப்பதும் இந்த ஒழுங்கைத்தான்.

மரக்கறியில் நிலைமை இன்னும் மோசம். இலங்கையில் பழம், மரக்கறிகளில் 30 முதல் 40 சதவீதம் வரை அறுவடைக்குப் பின் வீணாகின்றது என மதிப்பிடப்படுகின்றது. சாக்கில் திணிப்பதும் அதன் மேல் சாக்கை அடுக்குவதும் இதற்கு முக்கிய காரணங்கள். 2011 இறுதியில் பிளாஸ்ரிக் கூடைகளைக் கட்டாயமாக்க அரசாங்கம் முயன்றபோது வியாபாரிகள் எதிர்த்தனர். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. கூடையில் ஏற்றினால் லொறியில் கொள்ளும் அளவு குறையும், வெறுங்கூடையைத் திருப்பி அனுப்பவும் செலவாகும். சேதம் குறைவதன் நன்மை ஒருவருக்கும் கூடையின் செலவு இன்னொருவருக்கும் போனால் எந்த நல்ல முறையும் இலகுவில் நடைமுறைக்கு வராது.

இறுதியாக, பாடநூல்கள் ஒரே வரியில் கடந்து செல்லும் விடயம்: தூக்குபவர். என் மாமா ஒருவர் களஞ்சியமொன்றில் பதினைந்து வருடம் மூடை தூக்கியவர். நாற்பத்திரண்டு வயதில் இடுப்பு வலியால் வேலையை விட்டார். முதலாளி கொடுத்தது அன்றைய நாட்கூலி மட்டும். சர்வதேச தொழில் தாபனம் 1967 இல் வெளியிட்ட விதப்புரை, வளர்ந்த ஆண் ஒருவர் வழக்கமாகச் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்கிறது. நெல் மூடையோ 60 கிலோவைத் தாண்டுவது வழக்கம். கைவண்டி வந்தால் ஆறு பேரில் இருவருக்கு வேலை போகும் என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் மாமாவைக் கண்ட எனக்கு, மீதி நால்வரின் இடுப்பும் கணக்கில் வர வேண்டும் என்றே தோன்றுகின்றது. சிறிய மூடை, கைவண்டி, மாறி மாறி ஓய்வு என்பன உற்பத்தித்திறனுக்கு எதிரானவையல்ல. காயப்பட்டு வராமல் போகும் ஊழியரின் இடத்துக்குப் புதியவரைப் பழக்குவதும் உள்ளீடே.

பயிற்சி: ஒரு மொத்தக் களஞ்சியத்தில் 360 சீனி மூடைகளை 5 பேர் 6 மணித்தியாலத்தில் அடுக்குகின்றனர். சீனி இருக்கும் இடம் வாசலுக்குக் கிட்ட மாற்றப்பட்ட பின் அதே வேலையை 5 பேர் 4 மணித்தியாலத்தில் முடிக்கின்றனர். இரு நிலைகளிலும் ஊழிய உற்பத்தித்திறனைக் கணிக்க. (விடை: 12, 18 மூடைகள்.) மணித்தியாலக் கூலி 240 ரூபா எனின் மூடையொன்றுக்கான கூலி எவ்வளவால் குறையும்?