எட்டில் ஒன்று விடுபட்டால்: சிறு நிறுவனங்களுக்கு ஏற்ற சர்வர் நிர்வாகக் கருவி

2012ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் நாள். அமெரிக்காவின் பெரிய பங்கு வர்த்தக நிறுவனங்களுள் ஒன்றான நைட் கேபிட்டல், நியூயார்க் பங்குச் சந்தையின் புதிய திட்டம் ஒன்றில் பங்கேற்பதற்காகத் தன் மென்பொருளைப் புதுப்பித்திருந்தது. அம்மென்பொருள் எட்டு சர்வர்களில் இயங்கியது. ஏழு சர்வர்களில் புதிய நிரல் ஏற்றப்பட்டது, எட்டாவது விடுபட்டுப்போயிற்று. ஒருவர் செய்த வேலையை மற்றொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்துபூர்வமான நடைமுறை அங்கு இல்லை.

சந்தை திறந்ததும், பல ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த பழைய நிரல் அந்த எட்டாவது சர்வரில் இயங்கத் தொடங்கியது. சுமார் 45 நிமிடங்களில் வேண்டாத பங்குகள் கோடிக்கணக்கில் கைமாறின. இறுதிக் கணக்கில் இழப்பு 46 கோடி டாலரைத் தாண்டியது. இன்னொரு விவரமும் உண்டு. கோளாறைச் சரிசெய்ய முனைந்தவர்கள், ஒழுங்காக இருந்த ஏழு சர்வர்களிலிருந்து புதிய நிரலை நீக்கினர். அதனால் சிக்கல் மேலும் முற்றியது. எந்த சர்வர் எந்த நிலையில் இருக்கிறது என்பது அந்த நேரத்தில் அவர்களுக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

நம் வாடிக்கையாளர்களுள் பலர் நடத்தும் நிறுவனங்கள் இதனுடன் ஒப்பிட மிகச் சிறியவை. எனினும் நிலைமை வேறல்ல. இணையதளத்துக்கு ஒரு சர்வர், ரசீதும் கணக்கும் எழுத ஒன்று, தரவுத்தளத்துக்கு ஒன்று, காப்பு நகலுக்கு ஒன்று எனத் தொடங்கி, சில ஆண்டுகளில் எண்ணிக்கை பத்து, பதினைந்து என உயர்ந்துவிடுகிறது. எதில் எந்த மென்பொருள் இருக்கிறது, எந்தக் கதவு திறந்திருக்கிறது, யாருக்கு நுழைவுரிமை உண்டு என்பதெல்லாம் பெரும்பாலும் ஒரே ஊழியரின் நினைவில் இருக்கின்றன. அவர் வேறு வேலைக்குச் செல்லும் நாளில் அந்த நினைவும் உடன் சென்றுவிடுகிறது.

கணக்கேடு போன்ற கருவி

இக்குறையைப் போக்க உருவானவையே உள்ளமைவு மேலாண்மைக் கருவிகள். சர்வர் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒரு கோப்பில் எழுதிவைக்கிறோம். கருவி அதைப் படித்து, உள்ள நிலையை ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் மட்டும் திருத்துகிறது. எத்தனை முறை இயக்கினாலும் இறுதி நிலை ஒன்றாகவே இருக்கும்; ஏற்கெனவே சரியாக உள்ளதை அது தொடுவதில்லை.

வங்கிக் கணக்கை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கையிருப்புக்கும் ஏட்டிலுள்ள இருப்புக்கும் நாள்தோறும் ஒப்பீடு நடப்பது போலவே, சர்வருக்கும் கோப்புக்கும் இங்கே ஒப்பீடு நடக்கிறது. அக்கோப்பை ‘கிட்’ போன்ற பதிவு முறையில் வைத்தால், யார், எப்போது, எதை மாற்றினார் என்பதற்கும் சான்று கிடைக்கிறது.

களத்தில் உள்ளவை

இத்துறையின் முன்னோடி, மார்க் பர்கெஸ் 1993இல் ஆஸ்லோவில் உருவாக்கிய சிஎஃப்என்ஜின். அதன் பின் 2005இல் பப்பெட், 2009இல் செஃப், 2011இல் சால்ட், 2012இல் ஆன்சிபிள் ஆகியவை வந்தன.

பப்பெட், செஃப் இரண்டிலும் ஒவ்வொரு சர்வரிலும் ‘ஏஜென்ட்’ எனும் சிறு மென்பொருளை நிறுவுவது வழக்கம். பப்பெட்டின் ஏஜென்ட் இயல்பாக அரை மணிக்கு ஒருமுறை தலைமை சர்வரைத் தொடர்புகொண்டு, விலகல் இருந்தால் தானே திருத்திவிடும். நூற்றுக்கணக்கான சர்வர்கள் உள்ள இடத்தில் இது பெரும் வசதி. ஆனால் தலைமை சர்வரை நிறுவிப் பராமரிப்பதும், அக்கருவிக்கே உரிய மொழியைக் கற்பதும் கூடுதல் வேலை. சால்ட் வேகத்துக்குப் பெயர் பெற்றது. அதுவும் பொதுவாக இதே அமைப்பில்தான் இயங்குகிறது.

ஆன்சிபிளுக்கு ஏஜென்ட் தேவையில்லை. நிர்வாகிகள் ஏற்கெனவே பயன்படுத்தும் எஸ்எஸ்ஹெச் இணைப்பு வழியாகவே அது வேலை செய்கிறது. லினக்ஸ் சர்வர்களில் பைத்தான் இருந்தால் போதும். கட்டளைகளை ‘யாமல்’ எனும் எளிய பட்டியல் வடிவில் எழுதலாம். நிரலாக்கம் அறியாத மேலாளரும் ஓரளவு படித்துப் புரிந்துகொள்ள முடியும். இதன் குறையையும் சொல்ல வேண்டும். நாம் இயக்கும்போது மட்டுமே அது ஒப்பிடும். இடையில் எவரேனும் கையால் மாற்றியிருந்தால், அடுத்த முறை இயக்கும் வரை அது தெரியாது. சர்வர்களின் எண்ணிக்கை கூடும்போது வேகமும் குறையும்.

சிறு நிறுவனம் கேட்க வேண்டிய கேள்விகள்

முதலாவது: இதை இரண்டு பேராவது கற்க முடியுமா? ஒருவர் மட்டுமே அறிந்த கருவி, ஒருவரின் நினைவை நம்புவதற்குச் சமம். சிறப்பம்சங்களின் பட்டியலைவிட இக்கேள்வியே முக்கியம் என்பது நம் கருத்து.

இரண்டாவது: இலவசம் என்பது எதுவரை? இக்கருவிகளின் திறந்த மூலப் பதிப்புகளுக்கு விலையில்லை. ஆனால் உரிமையாளர்கள் மாறுகின்றனர். ஆன்சிபிளை 2015இல் ரெட் ஹேட் வாங்கியது. ரெட் ஹேட் 2019இல் ஐபிஎம் வசமானது. 2020இல் செஃப்பைப் புரோகிரஸ் நிறுவனமும், சால்ட்டை விஎம்வேரும் வாங்கின. 2022இல் பப்பெட் பெர்ஃபோர்ஸிடம் சென்றது. செஃப் 2019இலேயே தன் மூல நிரலைத் திறந்துவைத்து, நிறுவுவதற்குத் தயாரான தொகுப்புகளின் வணிகப் பயன்பாட்டுக்குக் கட்டண உரிமம் கோரியது. ஆகவே கடன் பத்திரத்தைப் படிப்பது போலவே உரிம விதிகளையும் படித்துவிட்டுக் கையெழுத்திடுவது நல்லது.

மூன்றாவது: சாவி யாரிடம் இருக்கும்? எல்லா சர்வர்களையும் ஆளும் இடத்தைக் கைப்பற்றியவர் அனைத்தையும் கைப்பற்றியவரே. 2020 ஏப்ரல் இறுதியில் சால்ட்டில் கடுமையான பாதுகாப்புக் குறை ஒன்று வெளியானது. இணையத்துக்குத் திறந்திருந்த தலைமை சர்வர்கள் சில நாட்களிலேயே தாக்கப்பட்டன. எக்கருவியானாலும், கட்டுப்பாட்டு சர்வரை வெளியுலகுக்குத் திறந்து வைக்கக் கூடாது. கடவுச்சொற்களைக் கோப்பில் வெளிப்படையாக எழுதவும் கூடாது. ஆன்சிபிளில் இதற்கென ‘வால்ட்’ எனும் மறையாக்க வசதி உண்டு.

நான்காவது: நமக்கு இது தேவைதானா? இரண்டே சர்வர்கள் உள்ள நிறுவனத்துக்குத் தெளிவாக எழுதிய செயல்முறைக் குறிப்பும் ஒழுங்கான காப்பு நகலும் போதுமானவையாக இருக்கலாம். ஐந்தைத் தாண்டும்போது கருவியைப் பற்றிச் சிந்திப்பது பொருத்தம்.

இவற்றையெல்லாம் எடைபோட்டால், பெரும்பாலும் லினக்ஸ் சர்வர்களைக் கொண்ட, ஐம்பதுக்கு உட்பட்ட எண்ணிக்கையுள்ள சிறு நிறுவனத்துக்கு ஆன்சிபிளே பொருத்தமான தொடக்கம் என்று கருதுகிறோம். பப்பெட்டை நன்கறிந்த ஊழியர் இருவர் ஏற்கெனவே பணியில் இருப்பார்களாயின், அதை விட்டு வர வேண்டிய அவசியமில்லை.

சட்டமும் கேட்கிறது

இந்தியக் கணினி அவசரகால நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட ஆணைகளின்படி, குறிப்பிட்ட வகை இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சர்வர்களின் பதிவுக் குறிப்புகளை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும். கடிகாரங்களை அங்கீகரிக்கப்பட்ட நேர சர்வர்களுடன் ஒத்திசைக்க வேண்டும். பன்னிரண்டு சர்வர்களில் இவற்றைக் கையால் செய்தால் ஒன்று விடுபடும் வாய்ப்பு எப்போதும் உண்டு. கருவியிலோ, அது ஒருமுறை எழுதும் சில வரிகள்தாம். தகுந்த பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க, 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வகைசெய்கிறது என்பதையும் மனத்தில் கொள்வோம்.

எங்கிருந்து தொடங்குவது?

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்ற முயல வேண்டாம். முதலில் சர்வர்களின் பட்டியலை எழுதுவோம். பல நிறுவனங்களில் அப்பட்டியலே இல்லை. அடுத்து, தவறினாலும் வணிகம் நிற்காத ஒரு சர்வரைத் தேர்ந்து, கடிகார ஒத்திசைவு, பயனர் கணக்குகள், பாதுகாப்புப் புதுப்பிப்பு ஆகிய மூன்றை மட்டும் கருவியிடம் ஒப்படைப்போம். எதையும் மாற்றாமல், எது மாறும் என்று மட்டும் காட்டும் சோதனை ஓட்டத்தை முதலில் நடத்துவோம். ஒருவர் எழுதிய கோப்பை மற்றொருவர் படித்து ஒப்புதல் தந்த பிறகே இயக்குவோம். காசோலையில் இரண்டாவது கையெழுத்து கேட்கும் அதே நோக்கம்தான் இதற்கும்.

மூன்று மாதங்கள் கழிந்தபின் ஒரு பரீட்சை வைத்துப் பார்க்கலாம். புதிய சர்வர் ஒன்றை எடுத்து, சர்வர்களைக் கவனிக்கும் ஊழியர் விடுப்பில் இருக்கும் நாளில், மற்றவர் அக்கோப்புகளை மட்டும் கொண்டு அதை முழுமையாக அமைக்கட்டும். எவரையும் தொலைபேசியில் அழைக்காமல் அவர் அதை முடித்துவிட்டால், நாம் தேர்ந்த கருவி சரியானதே.