சோளகமும் பெற்றோலும்

மன்னார்ப் பட்டினத்திலிருந்து தலைமன்னாருக்குச் செல்லும் வீதி ஏறத்தாழ 30 கிலோமீற்றர் நீளமுடையது. மேடு பள்ளம் என்பதை அறியாத வீதி அது. இருபுறமும் பனைகள் நிற்க, வீதியின் நடுவே கழுதைகள் தம் உரிமையை நிலைநாட்டிக்கொண்டு நிற்கும். இவ்வழியே மோட்டார் சைக்கிளிற் சென்று பௌதிகம் கற்பித்து மீள்வது எமது தொழில். வண்டி ஒரு லீற்றர் பெற்றோலுக்கு எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதை 2022 ஆம் ஆண்டு வரை நாம் ஒரு நாளேனும் அளந்து பார்த்ததில்லை. அளவீடு பற்றி மாணவருக்குப் பாடம் நடத்துபவர் நாம்!

அவ்வாண்டின் தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த பெற்றோல், ஜூன் இறுதியில் 470 ரூபாவாயிற்று. விலையைக் கொடுத்தாலும் பொருள் கிடைத்தாலன்றோ? ஜூலையில் கியூ.ஆர். முறை வந்தபோது, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என விதித்தனர். ஓகஸ்டில் பாடசாலைகள் ஐந்து நாளும் நடக்கத் தொடங்கியதும் எமது கணக்கு உதைத்தது. போக வர நாளொன்றுக்கு 60 கிலோமீற்றர். ஐந்து நாளைக்கு 300. எமது வண்டியோ லீற்றருக்கு 50 ஓடுவது. ஆக, வியாழக்கிழமை காலை பேசாலைக்கு அப்பால் எங்கோ ஓரிடத்தில் அது நின்றுவிடும். உயர்தர வகுப்பு மாணவரோ முடிக்கப்படாத பாடங்களோடு காத்திருந்தனர்.

எரிபொருட் பஞ்சம் இப்பகுதிக்குப் புதிதன்று. 1990 ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின், விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வடபகுதிகளுக்குப் பெற்றோல் செல்வது தடுக்கப்பட்டது. அத்தடை நிலவிய காலத்தில், யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும், தீவுக்கு எதிரேயுள்ள மன்னார்ப் பெருநிலப்பரப்பிலும் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயிலேயே ஓடின. அடம்பனில் வாழ்ந்த எமது மாமா ஒருவரின் பழைய ஹொண்டா வண்டியின் பின்னால் ஏறிச் சென்ற நாட்களை நாம் மறக்கவில்லை. சட்டைப்பையில் ஒரு சிறு போத்தல் பெற்றோல் வைத்திருப்பார். அதிற் சில துளியைக் காபரேற்றருக்குள் விட்டு உதைப்பார். எஞ்சின் சூடேறியபின் தாங்கியின் மண்ணெண்ணெய் வழியைத் திறப்பார். இறங்குமிடம் நெருங்கும்போது அவ்வழியை அடைத்து, காபரேற்றரில் எஞ்சியிருப்பது தீருமட்டும் ஓடவிடுவார். அன்றேல், ஆறிய எஞ்சின் பிறகு எத்தனை உதைக்கும் அசையாது.

காரணம் யாதெனில், மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. குளிர்ந்த எஞ்சினில் அது துளிகளாகவே நின்றுவிடும். சூட்டில் மட்டும் காற்றோடு கலந்து எரியும். அதன் ஒக்டேன் அளவும் மிகக் குறைவு. ஆதலால், அழுத்தம் கூடிய எஞ்சினில் அது உரிய நேரத்துக்கு முன்னரே தானாகத் தீப்பற்றித் தட்டும் ஓசையை எழுப்பும். மாமாவின் திருத்துநர் சிலிண்டரின் கீழே இன்னொரு பக்கிங் வைத்து அழுத்தத்தைக் குறைத்திருந்தார். கல்வி கற்ற எந்திரியலாளர் கண்ட வழியும் அதுவே. 1940களின் இறுதியில் இங்கிலாந்தில் வெளிவந்த பெர்கூசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை, பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் போன்றதோர் எண்ணெயில் ஓடுவதற்காக, அழுத்தம் குறைத்தே அமைக்கப்பட்டது.

இதனால் வந்த கேடும் சிறிதன்று. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர் வழியே இறங்கி எஞ்சின் ஒயிலை நீராக்கும். பிளக்கிற் கரி படியும். மாமாவின் சட்டையில் அந்த வாடை எப்போதுமே இருந்தது; மாமியின் முறைப்பாடும் எப்போதுமே இருந்தது.

2022 இல் நாமும் அவ்வழியை எண்ணிப் பார்த்தோம். ஆயின், எமது வண்டி இன்றைய வண்டி; அழுத்தம் கூடியது. அன்றியும், மீனவரின் வெளியிணைப்பு எஞ்சின்கள் பல மண்ணெண்ணெயில் ஓடுபவை. அதுவும் தட்டுப்பாடாகி, ஓகஸ்டில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. படகு கரையிற் கிடக்க, அவர்தம் எண்ணெயில் நாம் ஓடுவதற்கு மனம் ஒப்பவில்லை.

எஞ்சியது சிக்கனம் ஒன்றே. முதலில் அளந்தோம்: தாங்கியை விளிம்புவரை நிரப்பி, ஓடி, மீண்டும் அதே விளிம்புவரை நிரப்பப் பிடித்த அளவைக் குறித்தோம். பின்னர் ரயர்க் காற்றைச் சரிசெய்தோம். உப்புக் காற்றிலும் மணலிலும் இறுகியிருந்த செயினைக் கழுவி ஒயிலிட்டோம். உரசிக்கொண்டிருந்த பின் பிறேக்கைத் தளர்த்தினோம். காற்று வடிகட்டியில் ஒரு கைப்பிடி மணல் இருந்தது! 60 இல் ஓடியவர் 40 இல் ஓடினோம். லீற்றருக்கு 57 கிடைத்தது. வாரத்துக்கு 228 கிலோமீற்றர். நான்கு நாளுக்கு இன்னும் 12 குறைவு. எரிபொருட் குழாயில் காந்தம் பூட்டினால் இரட்டிப்பு ஓடும் என்று ஒருவர் விற்க வந்தார். அமெரிக்கச் சுற்றாடற் பாதுகாப்பு முகவரகம் இத்தகைய கருவிகள் நூற்றுக்கு மேற்பட்டவற்றைச் சோதித்து, மிகச் சிலவற்றிலேயே சிறு பயன் கண்டது. நாம் வாங்கவில்லை.

எமக்கு உண்மையான எதிரி சோளகக் காற்று. தீவு தென்கிழக்கிலிருந்து வடமேற்காகக் கிடக்க, தென்மேற்கிலிருந்து வரும் சோளகம் வீதியைக் குறுக்கே வெட்டுகிறது. போகும்போது இழப்பதை வரும்போது பெறலாம் என்று எண்ணியிருந்தோம், அது பிழை. நாம் 40 இல் செல்ல, குறுக்கே 30 இல் காற்று வீசின், எம்மேல் மோதும் காற்றின் வேகம் பைதகரசின் விதிப்படி 50. முன்னோக்கிய தடையோ 40க்கு 40 என்னும் பெருக்கத்துக்கு மாறாக, 50க்கு 40 என்னும் பெருக்கத்தின்படி அமையும். அஃதாவது காற்றுத் தடை காற்பங்கு கூடுகிறது; போகும்போதும் கூடுகிறது, வரும்போதும் கூடுகிறது. 2020 முதல் தீவின் தென்கரையில் நிற்கும் 30 காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்றுத்தான் எமது பெற்றோலையும் குடிக்கிறது. இக்கணக்கை வகுப்பில் இட்டபோது மாணவர் வழமைக்கு மாறாக விழித்திருந்தனர்.

வெள்ளிக்கிழமைக்கு விடை தந்தவர் உடன் கற்பிக்கும் நண்பரே. ஒரு நாள் அவர் வண்டி, மறுநாள் எமது வண்டி. இருவர் ஏறினால் செலவு சற்றே கூடும்; ஆயினும் இரு வண்டிகள் ஓடுவதினும் எவ்வளவோ குறைவு. அவ்வாறே ஐந்து நாளும் வகுப்பு நடந்தது.

கியூ.ஆர். முறை 2023 செப்ரெம்பரில் நீங்கியபின்னும் அளக்கும் பழக்கம் எம்மை விடவில்லை. ஏற்றமில்லாத தீவுதானே என்று, 14 பற்களுள்ள முன் பற்சில்லைக் கழற்றி 15 பற்களுள்ளதைப் பூட்டினோம். அதே தூரத்துக்கு எஞ்சின் பதினைந்தில் ஒரு பங்கு குறைவாகச் சுழலும். காற்றில்லாத மாதங்களில் பயன் தெரிந்தது. சோளகம் பிறந்ததும் மேல் கியரில் வண்டி திணறி, கியரை இறக்கியே ஓட்ட வேண்டியதாயிற்று, இலாபம் போயிற்று. இப்பொழுது இரண்டு பற்சில்லுகளும் எம்மிடம் உள. வைகாசியில் ஒன்றைக் கழற்றுவோம், ஐப்பசியில் மற்றையதை.