கதைத்தால் குறையுமா சமயம்?



சாதி, துடக்கு, கணவனை இழந்தவர்களுக்கான விலக்கு. இவற்றைப் பற்றி அடுப்படியில் நாம் எல்லோரும் கதைக்கிறோம். கோயில் சபைக் கூட்டத்தில் மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. திறந்தால், "சமயத்தைக் குறை சொல்லாதேங்கோ" என்று அடக்கிவிடுகிறார்கள். எமது சமயம் விவாதங்களைக் காணாத சமயமா? சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

மாவிட்டபுரம் வாசலில்

கோயில், பாடசாலை, தேநீர்க்கடை போன்ற இடங்களில் சாதியைக் காட்டி ஒருவரைத் தடுப்பது இலங்கையில் குற்றமாகும். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் அப்படிக் கூறுகிறது. 1971இல் இதன் தண்டனையும் கடுமையாக்கப்பட்டது.

ஆனாலும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே போக முடியவில்லை. திருவிழாக் காலத்தில் அவர்கள் வாசலில் அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்தார்கள். மறித்து நின்றவர்களுக்குத் தலைமை தாங்கியவர் சி. சுந்தரலிங்கம். கணிதப் பேராசிரியராகவும் அமைச்சராகவும் இருந்தவர். எமது வவுனியாவின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர். பிறகு அதே சட்டத்தின் கீழ் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. படித்தால் சாதி தானாகப் போய்விடும் என்று நம்பியிருப்பவர்கள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். அந்தக் கதவைத் திறக்க வைத்தவர்கள் வாசலில் உட்கார்ந்து நியாயம் கேட்ட சாதாரண சனங்கள்.

வன்னியில் நாம்

வன்னியில் சாதி இல்லை என்று பெருமையாகச் சொல்வோம். போர்க்காலத்தில் சாதியை வெளியே காட்டத் தடை இருந்தது. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் எல்லோரும் ஒரே பவுசர் தண்ணீருக்கு வரிசையில் நின்றோம். பக்கத்துத் தறப்பாளில் இருப்பவர் என்ன சாதி என்று அப்போது யாரும் கேட்கவில்லை. ஊர் திரும்பி, கோயிலைத் திருத்தி, திருவிழா உபயம் பிரிக்கத் தொடங்கியதும் அந்தக் கேள்வி திரும்பி வந்தது. தடையால் அடங்கியிருந்ததை நாம் இருந்து கதைத்துத் தீர்த்துக்கொள்ளவில்லை.

1977 வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சிப் பக்கம் குடியேறிய குடும்பங்களைப் பாருங்கள். காடு வெட்டி, வயல் விதைத்து, எம்மோடு சேர்ந்தே இடம்பெயர்ந்தார்கள். எத்தனை கோயில் நிர்வாக சபைகளில் அவர்களுக்கு இடம் இருக்கிறது? 2018இல் வரணியில் ஒரு கண்ணகி அம்மன் கோயிலில் மண் அள்ளும் இயந்திரத்தால் தேரை இழுத்தார்கள். எல்லாச் சாதியினரும் வடம் பிடிப்பதைத் தவிர்க்கவே இப்படிச் செய்தார்கள் என்று பலர் கண்டித்தார்கள். இதை யாழ்ப்பாணத்து விடயம் என்று நாம் ஒதுக்கிவிட முடியுமா?

கண்ணகியும் நாமும்

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகாத முல்லைத்தீவுப் பெண் யார்? மதுரையை எரித்த கண்ணகி கிழவி வடிவில் நந்திக்கடலோரம் வந்தாள் என்பதும், அவள் சொற்படி இடையர் சிறுவர்கள் கடல்நீரில் விளக்கேற்றினார்கள் என்பதும் ஐதீகம். கணவனை இழந்து, அரசனிடம் நீதி கேட்ட பெண்ணைத்தான் நாம் தாயென்று கும்பிடுகிறோம். அதே நாம், போரில் கணவனை இழந்த பெண்ணை மங்கல காரியத்தில் பின்னுக்கு நிற்கச் சொல்கிறோம்.

எமது மாதர் சங்கக் கூட்டத்தில் ஒரு சகோதரி கேட்டார்: "கச்சான் வித்து, கூலிக்குப் போய் என்ரை பிள்ளையை நான்தான் வளர்த்தனான். அவளின்ரை கலியாணத்திலை நான் ஏன் ஆலாத்தி எடுக்கக்கூடாது?" மூத்த அம்மா ஒருவர், "அது சாத்திரம் பிள்ளை" என்றார். "எந்தச் சாத்திரம் அம்மா?" என்று நான் கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. "எங்கடை ஆக்கள் அப்பிடித்தான் செய்தவை" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன்னுடைய தாயும் தன் கலியாணத்தன்று அறைக்குள்ளேயே இருந்ததாகச் சொன்னார். அன்று வாக்குவாதமும் வந்தது, கண்ணீரும் வந்தது. யாரும் கோபித்துக்கொண்டு சங்கத்தை விட்டுப் போகவில்லை.

வழக்கங்கள் மாறாதவையா?

கண்ணகி வழிபாட்டையே ஆறுமுக நாவலர் (1822–1879) சைவத்துக்கு ஏற்றதல்ல என்று கண்டித்தார். யாழ்ப்பாணத்தில் பல கண்ணகி கோயில்கள் இராஜராஜேஸ்வரி போன்ற வேறு அம்மன் பெயர்களைப் பெற்றன. வன்னியும் மட்டக்களப்பும் கண்ணகியைக் கைவிடவில்லை. கோயிலில் உயிர்ப்பலி கூடாது என்றும் நாவலர் வாதாடினார். பெரியவர்கள் வழக்கங்களைக் கேள்வி கேட்டபோது அதைச் சமயப்பணி என்றோம். பெண்கள் கேட்டால் மட்டும் தெய்வக் குற்றமா?

சகோதரிகளே, ஊரோடு சண்டை பிடிக்கச் சொல்லவில்லை. தனியாகக் கேட்டால் ஒருவரைக் குறிவைப்பார்கள். ஆகவே சங்கமாகச் சேர்ந்து கேளுங்கள். ஒரு வழக்கத்தைச் சொல்லித் தடுத்தால், பணிவோடு மூன்று கேள்விகள் கேட்கலாம். இது எந்த நூலில் இருக்கிறது? இதனால் யாருடைய மனம் நோகிறது? இதை விட்டுவிட்டால் அம்மனுக்கு என்ன குறை? கோயில் ஆண்டுக் கூட்டத்தில் பெண்களுக்கும் எல்லாக் குடும்பங்களுக்கும் அங்கத்துவம் கேளுங்கள். உங்கள் வீட்டு அடுத்த மங்கல காரியத்தில், கணவனை இழந்த அக்காவையோ மாமியையோ கூப்பிட்டு, ஆலாத்தித் தட்டை அவர் கையில் கொடுங்கள்.