மலையேற்றத்திற்குப் பழைய மிதிவண்டியைப் பண்படுத்தல்

சமநிலத்திற் காற்றெனப் பறக்கும் பந்தய மிதிவண்டி மலையடிவாரத்தை யடைந்தவுடன் பாரமாகிவிடுதலை அதனை மிதித்தார் அனைவரும் அறிவர். ஓய்வு பெற்றுத் தம் நாடு சென்ற ஆசிரியப் பெரியார் ஒருவர் எம் விடுதிக்கு விட்டுச்சென்ற வண்டியொன்று உண்டு. 1970-ஆம் ஆண்டையொட்டிப் பிரான்சு தேசத்திற் செய்யப்பட்ட அதன் உருக்குக் குழாய்களில் இன்றும் துருவில்லை. அதனைக்கொண்டு ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டையூசி வளைவுகளையும் இறங்காது ஏறிவிட வேண்டுமென்று யாம் நால்வர் விரும்பினோம். அவ்விருப்பத்தால் யாம் கற்றதும், ஒரு நற்பொருளைக் கெடுத்ததும் ஈண்டு எழுதலுற்றோம்.

முதற்கண் கணக்கைக் கூறுவோம். மிதியோடு சுழலும் முன் பற்சக்கரத்தின் பற்களைப் பின் பற்சக்கரத்தின் பற்களால் வகுத்து, பின்னுருளியின் விட்டமாகிய 27 அங்குலத்தாற் பெருக்கினால் வருவதே கியரின் அளவு. மிதிகள் உருளியிலேயே நேராகப் பூட்டப்பட்டிருந்த பழைய உயர்சக்கர வண்டிகளில் அவ்வுருளியின் விட்டத்தைச் சொல்லும் வழக்கமே இவ்வாறு நின்றுவிட்டது. எம் வண்டியில் முன்னே 52, 42 பற்களுடைய சக்கரங்கள் இரண்டு. பின்னே 14 முதல் 24 பல் வரை ஐந்து. ஆகவே மிகத் தாழ்ந்த கியர் 42-ஐ 24-ஆல் வகுத்து 27-ஆற் பெருக்கிய 47 அங்குலம். மிதி ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறக்குறைய 3¾ மீட்டர் செல்லும்.

இது மலைக்கு ஏற்றதன்று என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். நீலகிரி மலை இரயில் பாதையில் மிகச் செங்குத்தான ஏற்றம் 12.28-க்கு 1. அங்கே எஞ்சினும் வெறும் தண்டவாளத்தை நம்பாது நடுவிலுள்ள பற்சட்டத்தைக் கவ்வியே ஏறுகின்றது. மனிதனும் வண்டியுமாக 80 கிலோ எடையுள்ள ஒன்று அதே சரிவில் ஏறுவதாகக் கொள்வோம். பின்னோக்கி இழுக்கும் விசை ஏறக்குறைய 6½ கிலோ. 47 அங்குலக் கியரில் இதனை வெல்ல, மிதியின் சுற்று முழுவதும் சராசரி 23 கிலோ அளவான அழுத்தம் இடையறாது வேண்டும். மிதி மேலும் கீழுமாக நிற்கும் இடங்களிற் கால் பயன்படாமையால், கிடையாக நிற்கும் இடத்தில் அழுத்தம் இதனினும் மிகுதல் வேண்டும். மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் மிதி நிமிடத்திற்கு 35 முறையே சுற்றும். முழங்கால் நோவாது என் செய்யும்?

கால்கள் விரைந்து சுழன்று மெல்ல அழுத்துதலே நெடுநேரம் தாங்கும் என்பதனை வற்புறுத்தியவர்களுள் தலையாயவர் பிரான்சிலுள்ள சேந்த் எத்தியேன் நகரத்துப் பால் தெ விவீ என்பவர். வெலோசியோ என்பது அவர் புனைபெயர். 1887-ஆம் ஆண்டு மிதிவண்டிக்கெனவே ஒரு பத்திரிகை தொடங்கி, 1930-இல் மறையுமளவும் பல கியர்களின் நன்மையை எழுதியும் தாமே மலையேறிக் காட்டியும் வந்தார். ஆயினும் பிரான்சைச் சுற்றிவரும் பெரும் பந்தயத்தை நடத்தியவர்கள் அவர் கருத்தை ஏற்றிலர். 1910-இல் 2115 மீட்டர் உயரமுள்ள தூர்மலே கணவாயைப் பந்தயத்தில் முதன்முதல் சேர்த்தும், ஓடும்போதே கியர் மாற்றும் கருவியை 1937 வரை எல்லார்க்கும் அனுமதித்திலர். அதுகாறும் வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்னுருளியைக் கழற்றித் திருப்பி மாட்டி, மறுபக்கத்துப் பெரிய பற்சக்கரத்தாற் பயன்பெற்றனர். வலிமையை அளக்க வேண்டின் எளிமையை விலக்க வேண்டும் என்பது நடத்தியவர் கொள்கை போலும். எமக்கு அது உடன்பாடன்று.

இனி எம் வேலைக்கு வருவோம். எளிய வழி பின்புறத்துப் பிரீவீலை மாற்றி 28 பல்லுள்ளதைப் பூட்டுதல். அதனால் 47 அங்குலம் 40½ ஆகும். பிரீவீல் மிதிக்க மிதிக்க இறுகுந் தன்மையது. ஆண்டுகள் பலவாக இறுகியதைக் கையாற் கழற்ற இயலாது. அதற்குரிய கழற்றியைப் பிரீவீலின் வெட்டுக்களிற் பொருத்தி, அச்சின் நட்டை மெல்ல இறுக்கி அது நழுவாமற் செய்து, கழற்றியை வைஸில் இடுக்கி, உருளி முழுவதையும் மோட்டார் ஓட்டுவார் வளையத்தைத் திருப்புவதுபோல் இடப்புறமாகத் திருப்புதல் வேண்டும். சற்று இளகியதும் நட்டைத் தளர்த்தாவிடின் அச்சுக்கே கேடு. கம்பிகளைக் கழற்றிய பின் பிரீவீலை எடுக்க முனைவாரும் உளர். பிடித்துத் திருப்ப உருளியின்றி அவர் படும் பாடு பெரிது.

யாம் பிழைத்தது இதன்பின். பிரெஞ்சு ஹப்பின் மரை 34.7 மில்லிமீட்டர் விட்டமும் 1 மில்லிமீட்டர் இடைவெளியும் உடையது. ஆங்கில அளவோ 34.8 மில்லிமீட்டர் விட்டத்தது; அதன் மரைகள் அங்குலத்திற்கு 24. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கடைத்தெருவில் யாம் வாங்கிய பிரீவீல் ஆங்கில மரையுடையது. அது தடையின்றிச் சுழன்று ஏறியபோது, பெருமகிழ்ச்சி கொண்டோமேயன்றி, இத்துணை எளிதாக ஏறுவதேன் என்று ஐயுற்றோமல்லேம். ஏற்காட்டுச் சாலையின் தொடக்க வளைவுகளுள் ஒன்றில் எம்முள் ஒருவர் எழுந்து நின்று மிதித்தார். நறநறவென்னும் ஓசை எழுந்தது. மிதி சுழன்றது, உருளி சுழன்றிலது. இறங்கிப் பார்த்தபோது ஹப்பின் மரை உதிர்ந்து உமிபோற் கிடந்தது. அவ்வளவு ஆண்டு பிழைத்திருந்த ஹப்பு எம் கவனமின்மையால் ஒரு காலையில் அழிந்தது. அதனைக் கொடுத்த பெரியார்க்கு உண்மையை எழுதுவதா, மறைப்பதா என்று இரண்டு நாள் வாதித்தோம். எழுதினோம். பெரியார் கடிந்திலர். வேறு ஹப்பு தேடுமாறும், மரையளவியை வாங்குமாறும் மறுமொழி விடுத்தார். அவ்வளவி விலை மிகக் குறைவு, முன்னரே வாங்கியிருக்கலாம்.

பழைய வளையத்திலேயே புதிய ஹப்பைக் கம்பி கோத்து, இரண்டாம் முறை முன்புறத்தையும் மாற்றத் துணிந்தோம். அக்காலத்துப் பந்தயக் கிராங்குகள் பலவற்றிற் சிறு சக்கரத்தைப் பூட்ட இடமில்லை. புகழ்பெற்ற இத்தாலியக் கம்பஞோலோ ரெக்கார்டு 41 பல்லுக்குக் கீழ் ஏற்பதில்லை. மலைப்பயணிகளுக்கெனப் பிரான்சிற் செய்யப்பட்ட டி.ஏ. கிராங்கோ 26 பல் வரை இறங்கும். பழம்பொருள் சேர்ப்பார் ஒருவரிடம் அத்தகையதொன்று பெற்று, 46, 30 பற்சக்கரங்களை அமைத்தோம். அதனை அச்சினின்றும் இழுக்கும் கருவிக்கு 23 மில்லிமீட்டர் மரை வேண்டும். பொது வழக்கிலுள்ளது 22. இம்முறை அளந்த பின்னரே கை வைத்தோம்.

இப்போது சங்கிலித் தளர்ச்சியை ஏற்கும் ஆற்றலையும் பார்த்தல் வேண்டும். முன் சக்கரங்களின் வேறுபாடு 16, பின்னவற்றின் வேறுபாடு 14, ஆக 30 பல். பழைய கியர் மாற்றியின் குட்டைக் கூடு இவ்வளவைத் தாங்காது. நீண்ட கூடுடைய ஜப்பானியச் சன்டூர் கருவியை மாட்டினோம். 1964-இல் அந்நிறுவனத்தார் காப்புரிமை பெற்ற சாய்ந்த இணைகர அமைப்பால், மேற்கப்பி சிறு பல்லினின்றும் பெரும் பல்லிற்குச் செல்லுங்கால் கீழிறங்கி இடைவெளியை ஏறக்குறைய ஒன்றாகவே வைத்துக்கொள்ளும். சங்கிலியின் நீளத்தைப் பெரியதோடு பெரியது பூட்டியே அறுதியிடுதல் வேண்டும். அவ்வாறு பூட்டுதல் கூடாதென்று உறுதிகொண்டவரும் களைப்பில் ஒருநாள் பூட்டுவர். அன்று சங்கிலி குட்டையாயின் கியர் மாற்றி முறிந்து கம்பிகளுட் புகும்.

30-ஐ 28-ஆல் வகுத்து 27-ஆற் பெருக்க, 29 அங்குலம் கிட்டிற்று. முற்கூறிய சரிவில் 23 கிலோவாக இருந்த அழுத்தம் 14 ஆகும். மிதியின் சுற்று நிமிடத்திற்கு 58. மிதிப்பவர் செய்யும் வேலை ஒன்றேயாயினும் கால் அதனைச் சிறு சிறு கூறாகச் செய்கின்றது.

பழைய வண்டியின் உறுப்பை மாற்றுதல் குற்றமென்பார் உளர். பழஞ்சுவடி பதிப்பிப்பார் தாம் கொண்ட பாடத்தை மேலெழுதி, பிற பாடங்களை அடியிற் காட்டுதல் போல, யாமும் கழற்றியவற்றை எறிந்திலேம். 52, 42 பற்சக்கரங்கள், பழைய கியர் மாற்றி, மரை உதிர்ந்த ஹப்பு ஆகிய அனைத்தும் எண்ணெய் தடவிய துணியிற் சுற்றி, அளவுச் சீட்டுடன் விடுதியின் மரப்பெட்டியில் இருக்கின்றன. சென்ற கோடை விடுமுறைக்கு முன், முதல் முறை மிதித்த நண்பரே இரண்டாம் முறையும் மிதித்தார். 20 வளைவுகளையும் ஏறினார். இடையில் இருமுறை தண்ணீருக்கு நின்றார். அவை இரண்டையும் யாம் கணக்கிற் சேர்க்கவில்லை.