ஐந்நூறு கிராமும் ஆறு பிரம்படியும்

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் நகைக்கடை வாசலில் காவலுக்கு நிற்பவரின் கையில் இருப்பது நீண்ட பம்ப் துப்பாக்கி. ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். எதிர்ச்சாரியில் பலகாரம் வாங்குபவர் கண்ணிலும் அது பட வேண்டும்; பட்டால்தான் காவல். இந்தக் கணக்கு அதற்கு நேர்மாறான ஆயுதத்தைப் பற்றியது: சட்டைக்கு அடியில் இருப்பதே தெரியக்கூடாது என்று செய்யப்படும் கைத்துப்பாக்கி.

1950-இல் ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் ‘சீஃப்ஸ் ஸ்பெஷல்’ என்ற குட்டி ரிவால்வரை வெளியிட்டது. எடை சுமார் 550 கிராம், தோட்டா 5. 2015-இல் வந்த குளோக் 43-க்கு வெறும் தோட்டாப்பெட்டியோடு 510 கிராம் போல, தோட்டா 6. 2018-இல் சிக் சாவர் பி365 வந்தது: 500 கிராம், பெட்டிக்குள் 10 தோட்டா, அகலம் ஓர் அங்குலம். எடையைத் தோட்டாவால் வகுத்துப் பாருங்கள். ரிவால்வரில் ஒரு தோட்டாவுக்கு 110 கிராம் எடையைச் சுமக்க வேண்டியிருந்தது. குளோக்கில் அது 85. பி365-இல் 50. முதல் 65 ஆண்டுகளில் 25 கிராம் குறைந்தது. அடுத்த மூன்றே ஆண்டுகளில் 35.

வித்தை தோட்டாப்பெட்டியில் இருக்கிறது. பழைய ஒல்லித் துப்பாக்கிகளில் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே வரிசையில் நிற்கும். பி365-இன் பெட்டியில் அவை, பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையில் மல்லிகை தொடுப்பதுபோல், இடமும் வலமுமாக மாறி மாறி அமர்கின்றன. பெட்டியின் வாய்க்கு வரும்போது மட்டும் ஒற்றை வரிசையாக ஒடுங்குகின்றன. இரட்டை வரிசை புதிதல்ல. அதை ஓர் அங்குலத்துக்குள் அடக்கியதுதான் புதிது. போட்டியும் உடனே வந்தது. 2019-இல் ஸ்பிரிங்ஃபீல்டின் ஹெல்கேட் 11 தோட்டாவோடு இறங்கியது. 2021-இல் ஸ்மித் அண்ட் வெஸனின் ஷீல்டு பிளஸ் 13 வரை போனது. சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடியைப் பொருத்துவதற்கான இடமும் இப்போது இந்தக் குட்டி ரகங்களிலேயே வந்துவிடுகிறது.

இந்த அளவுகளுக்குப் பின்னால் சட்டத்தின் கையும் உண்டு. அமெரிக்காவில் 1994 முதல் 2004 வரை, பொதுமக்களுக்கான புதிய தோட்டாப்பெட்டியில் 10-க்கு மேல் கூடாது என்று கூட்டரசுச் சட்டம் இருந்தது. பத்துதான் உச்சம் என்றால் பெரிய துப்பாக்கி எதற்கு? 1995-இல் குளோக் 26 வந்தது. சரியாக 10 தோட்டா, கைக்கு அடக்கம். சட்டப் புத்தகத்தில் எழுதிய ஓர் எண், பட்டறையில் உலோகத்தின் அளவாக மாறியது.

இந்தியாவிலும் ஒரு கணக்கு உண்டு. 2012-இல் டெல்லிப் பேருந்தில் ஒரு பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்குப் பிறகு, பெண்களுக்கென்று சொல்லி 2014-இல் கான்பூர் அரசு ஆலை ‘நிர்பீக்’ ரிவால்வரைக் கொண்டுவந்தது. 500 கிராம், 6 தோட்டா, விலை 1,22,000 ரூபாய்க்குமேல். அன்றைய மாற்று விகிதத்தில் 6,500 ரிங்கிட் அளவுக்கு வரும். பி365 வெளிவந்தபோது 600 டாலர், அதாவது சுமார் 2,400 ரிங்கிட். அச்சத்தோடு பேருந்து ஏறும் பெண்ணால் ஒன்றேகால் லட்சம் தர முடியுமா? அந்தத் திட்டத்தை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கசக்கிறது.

நம் மலேசியப் பேரேட்டில் இருப்பது வேறு பத்தி. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருந்தாலே 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். 1971-ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டத்தில், சட்டவிரோதமாக ஒரு துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும். இரண்டுக்கு மேல் இருந்தால் ஆயுதக் கடத்தல் என்றே சட்டம் ஊகிக்கும். இல்லை என்று நிரூபிப்பது பிடிபட்டவர் பொறுப்பு. கொள்ளையிலோ ஆள்கடத்தலிலோ கொல்லவோ காயப்படுத்தவோ எண்ணிச் சுட்டால், குண்டு யார் மேலும் படாவிட்டாலும் கட்டாய மரண தண்டனை இருந்தது. 2023 ஜூலை முதல் அந்தக் கட்டாயம் நீங்கி, நீதிபதிக்குத் தேர்வு கிடைத்திருக்கிறது. அதை வரவேற்கிறேன். ஆனால் 14 ஆண்டும் 6 அடியும் அப்படியே நிற்கின்றன. 550 கிராமுக்கும் 500 கிராமுக்கும் அவை வேறுபாடு பார்ப்பதில்லை. ஆயுதம் எவ்வளவு சுருங்கினாலும் தண்டனை சுருங்காது.

2024 மார்ச்சில் கோலாலம்பூர் ஜாலான் அம்பாங் ஹோட்டல் ஒன்றில் ஓர் இஸ்ரேலியர் பிடிபட்டார். அவர்மேல் சாட்டப்பட்டது 6 துப்பாக்கி, 158 தோட்டா. இரண்டுக்கு மேல் என்ற அந்த வரி எதற்காக இருக்கிறது என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டாம்.

நமக்கு மிகவும் வலிக்கும் வரி 2013-இல் வந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கு உட்படப் பல இடங்களில் அந்த ஆண்டு துப்பாக்கிச் சூடுகள் தொடர்ந்தன. ஜூலை 29-இல் வங்கியாளர் ஹுசேன் நஜாடி கோலாலம்பூரில் பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த மாதம் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. மொத்த உறுப்பினர் 40,313; அவர்களில் இந்தியர் 28,926. நாட்டு மக்களில் நூற்றுக்கு ஏழு பேராக இருக்கும் நாம், அந்தப் பட்டியலில் நூற்றுக்கு எழுபதைத் தாண்டினோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வேலையும் வீடும் இல்லாமல் நகரோரத்துக்கு வந்த குடும்பங்களின் கதையைச் சேர்க்காமல் இந்த எண்ணைப் படிக்க முடியாது. அந்தக் குடும்பங்களின் பையன்களை நோக்கித்தான் அந்த அரைக் கிலோ ஆயுதம் வருகிறது. அதனால்தான் சிறை ஆண்டுகளைத் தளர்த்தச் சொல்லும் எந்தக் குரலோடும் என்னால் சேர முடியவில்லை. பிரம்படி வேண்டுமா என்பதைத் தனியே பேசலாம்.

பெற்றோருக்கு இன்னொரு வரி. ஆயுதச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு போலித் துப்பாக்கிகளுக்கானது: ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். பிள்ளை கேட்டான் என்று இணையத்தில் அசல்போல் இருப்பதை வாங்கித் தருமுன் இந்த எண்ணை ஒருமுறை படியுங்கள்.